விற்றே தீரவேண்டிய நாள்: குமிழி உடைந்தபோது கடன் பிரிவிலிருந்து பார்த்தவை

சொத்தின் விலை அதன் உண்மை மதிப்பை மீறி ஊதிப் பிறகு சரியும் பொருளாதாரக் குமிழிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலோர் விலையைப் பற்றியே பேசுகிறார்கள்: எவ்வளவு ஏறியது, எந்த நாளில் சரிந்தது, யார் முன்கூட்டியே சொன்னார்கள். இணைய நிறுவனப் பங்குகள் உச்சத்தில் இருந்த காலத்திலும் அவை சரிந்த அடுத்த சில ஆண்டுகளிலும் நான் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில், பங்குகளை ஈடாக வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே உட்கார்ந்து பார்த்தவனுக்கு விலை இரண்டாம் பட்சமாகிவிட்டது. ஒரே பங்கை ஏறக்குறைய ஒரே விலைக்கு வாங்கிய இருவரில் ஒருவர் காலப்போக்கில் எழுந்து நின்றார், மற்றவர் எழவே இல்லை. இருவருக்கும் அறிவில் குறையில்லை; சந்தையைப் பற்றிய கணிப்பும் இருவருக்கும் ஒன்றுதான். விலை அடிமட்டத்தில் கிடந்த மாதங்களில் முதலாமவரால் விற்காமல் காத்திருக்க முடிந்தது, இரண்டாமவர் விற்றே தீரவேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது, அதை முன்கூட்டியே எப்படி அடையாளம் காண்பது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பேராசை பெருநஷ்டம் என்று ஒரே வரியில் இதற்கு விளக்கம் சொல்லிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை, ஏனென்றால் எங்களிடம் கடன் வாங்கியவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவு செய்தவர்கள், சீட்டாட்டத்தின் பக்கம்கூடப் போகாதவர்கள். அவர்களை உள்ளே இழுத்தது பொய்யான கதை என்றும் சொல்ல முடியாது. பெரும் குமிழிகள் பெரும்பாலும் ஓர் உண்மையிலிருந்துதான் தொடங்குகின்றன. 1840-களில் பிரிட்டனில் இரயில் பாதைகள் நாட்டையே மாற்றப்போகின்றன என்று நம்பியவர்கள் சொன்னது அப்படியே நடந்தது. இணையம் வணிகத்தைப் புரட்டிப்போடும் என்று 1999-இல் நம்பியவர்களும் சரியாகவே சொன்னார்கள். பிசகு அதற்கு அடுத்த படியில் நேர்கிறது. தொழில் வளரும் என்ற உண்மையிலிருந்து, அந்தத் தொழிலில் உள்ள எந்தப் பங்கையும் எந்த விலைக்கும் வாங்கலாம் என்ற முடிவுக்கு மனம் தாவிவிடுகிறது. விலை ஏற ஏற, அந்த ஏற்றமே நம்பிக்கைக்குச் சான்றாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சம்பாதித்த பணம் எந்த ஆண்டறிக்கையை விடவும் வலுவாகப் பேசுகிறது.

அறிவு இருந்தால் தப்பிக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு நான் சொல்வது ஓர் ஆய்வகச் சோதனையைப் பற்றி. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித் தம் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1988-இல் வெளியிட்ட சோதனை அது. பங்கேற்பாளர்களுக்கு ஒரு கற்பனைப் பங்கைக் கொடுத்து, அது மொத்தம் 15 சுற்றுகளில் எவ்வளவு ஈவுத்தொகை, அதாவது பங்கு வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் லாபத் தொகை, தரக்கூடும் என்ற விவரத்தையும் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தப் பங்கின் நியாயமான மதிப்பு எவ்வளவு குறையும் என்பதை எவரும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். இருந்தும் விலை அந்த மதிப்பை மீறி ஏறியது, பிறகு இறுதிச் சுற்றுகள் நெருங்கியதும் திடீரென்று சரிந்தது. உண்மை மதிப்பு எல்லோருக்கும் தெரிந்த இடத்திலேயே குமிழி உருவாகும் என்றால், மதிப்பை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத வெளிச்சந்தையில் அறிவு மட்டும் கவசமாகிவிடாது. அதே ஆட்கள் மறுபடியும் மறுபடியும் அதே சந்தையில் ஆடியபோதுதான் குமிழி சிறுத்தது. ஆனால் நிஜ உலகில் ஒரு குமிழிக்கும் அடுத்ததற்கும் இடையில் பல நேரம் ஒரு தலைமுறையே மாறிவிடுகிறது. ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்கள்.

ஆசை மட்டும் இருந்தால் விலை இந்த உயரத்துக்குப் போகாது. மனிதர்களிடம் இருக்கும் சேமிப்புக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைத் தாண்டி விலையை ஏற்றுவது கடன். 1720-இல் இலண்டனில் சவுத் சீ கம்பெனியின் பங்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுண்டாக இருந்து, கோடையில் 1,000 பவுண்டு வரை போனது. அந்த விலைக்குப் புதுப் பங்குகளை விற்றபோது, பத்தில் ஒரு பங்கு பணத்தை உடனே கட்டினால் போதும், மீதியைப் பல தவணைகளில் கட்டலாம் என்று அறிவித்தார்கள். அதோடு கம்பெனியே தன் பங்குகளை ஈடாக வாங்கிக்கொண்டு கடனும் கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் விலை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. தவணைப் பொறுப்பு மட்டும் வாங்கியவர்களின் கழுத்தில் கிடந்தது. ஐசக் நியூட்டனும் அதில் பெரும் தொகையை இழந்தார். பிரிட்டனின் இரயில் பங்குகளிலும் இதே அமைப்புதான். 1846-இல் மட்டும் புதுப் பாதைகளுக்கு அனுமதி தரும் 250-க்கும் மேற்பட்ட இரயில் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. சிறு முன்பணம் கொடுத்துப் பங்கை வாங்கியவர்களிடம், பாதை போடும் வேலை நடக்க நடக்க மீதிப் பணத்தைக் கேட்டுக் கம்பெனிகள் கடிதம் அனுப்பின. பங்கின் விலை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கடிதங்கள் வந்தன. கையில் பணம் இல்லாதவர்கள் ஒரு கம்பெனிக்குக் கட்ட வேண்டி வேறொரு கம்பெனியின் பங்கை வந்த விலைக்கு விற்றார்கள். 1929-இல் அமெரிக்காவில் தரகர்கள் கொடுத்த கடன், 2000-களின் நடுவில் வருமானச் சான்றே இல்லாமல் கொடுக்கப்பட்ட வீட்டுக்கடன் என்று அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் பெயர்தான் மாறியிருக்கிறது.

ஹைமன் மின்ஸ்கி என்ற பொருளியல் அறிஞர் கடன் வாங்குபவர்களை மூன்று வகையாகப் பிரித்தார். வருமானத்திலிருந்து வட்டியையும் அசலையும் கட்டக்கூடியவர்கள் முதல் வகை. வட்டியை மட்டும் கட்டிவிட்டு அசலைப் புதுக்கடனால் புரட்டுபவர்கள் இரண்டாம் வகை. வட்டி கட்டவே சொத்தின் விலை ஏறியாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள் மூன்றாம் வகை. நல்ல காலம் நீடிக்க நீடிக்க, முதல் வகையிலிருந்து மூன்றாம் வகையை நோக்கிச் சமூகமே நகர்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இதை நான் எங்கள் பிரிவிலேயே பார்த்தேன். கடன் கொடுக்கும் அளவைத் தீர்மானிக்கும் விதிகள் ஒரே நாளில் தளரவில்லை. வாராக்கடனே இல்லாத ஒரு காலாண்டுக்குப் பிறகு வரம்பைச் சற்று உயர்த்துவார்கள். அந்தக் கடன் சந்தைக்குள் போய் விலையை ஏற்றும். ஏறிய விலையால் ஈட்டின் மதிப்பு கூடும். கூடிய மதிப்பைக் காட்டி வரம்பை மறுபடியும் உயர்த்துவார்கள். ஒவ்வொரு படியிலும் எங்கள் கணக்குகள் முன்பைவிடப் பாதுகாப்பாகவே தெரிந்தன. ஆபத்து உச்சத்தில் இருக்கும்போதுதான் ஏட்டில் அது மிகக் குறைவாகத் தெரியும் என்பதை அந்த நாற்காலியில் கற்றுக்கொண்டேன்.

சந்தை முடிந்ததும் தினமும் ஒரு பட்டியல் அச்சாகி வரும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயருக்கு எதிரே மூன்று எண்கள்: ஈட்டில் உள்ள பங்குகளின் அன்றைய மதிப்பு, கடன் பாக்கி, பாக்கியைக் கழித்தால் அவருக்கென்று மிஞ்சுவது எத்தனை சதவீதம். அந்தச் சதவீதம் வரம்புக்குக் கீழே போனால் வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். நட்சத்திரம் விழுந்தவரை அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, மறுநாள் பகலுக்குள் பணம் கட்டச் சொல்ல வேண்டும். மார்ஜின் கால் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஏற்றக் காலத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல் பட்டியல் வந்த நாள்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு நட்சத்திரம் இல்லாத பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது.

பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பேசியது இன்னும் நினைவில் இருக்கிறது. குரலில் கோபமே இல்லை. “தம்பி, நான் வாங்கியது நல்ல கம்பெனிதானே? அது எங்கே ஓடிவிடப் போகிறது? கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், விலை வந்துவிடும்” என்றார். “ஐயா, கம்பெனியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் பணம் வராவிட்டால் உங்கள் பங்குகளை விற்றாக வேண்டும், அதை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை” என்றேன். பணம் வரவில்லை, பங்குகள் விற்கப்பட்டன. அவர் சொன்னபடியே அந்த நிறுவனம் நிலைத்து நின்றது, சில ஆண்டுகளில் அதன் விலை அவர் வாங்கிய விலையையும் தாண்டியது. அந்த நாளில் அவரிடம் அந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை. நிறுவனத்தைப் பற்றிய அவருடைய கணிப்பு முழுக்கச் சரி. காலத்தை மட்டும் அவர் கடனாக வாங்கியிருந்தார்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், பொறுமையாகப் படிப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை நான் கண்டதில்லை. ஒருவர் தம் சொந்தப் பணம் 100-ஐயும் கடன் 100-ஐயும் சேர்த்து, ஒன்றின் விலை 1 வீதம் 200 பங்குகள் வாங்குகிறார். ஈட்டு மதிப்பில் கடன் போக அவருக்கென்று மிஞ்சுவது 30 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. விலை 30 சதவீதம் சரிகிறது. 200 பங்குகளின் மதிப்பு 140, கடன் 100, அவருக்கு மிஞ்சுவது 40. இது 140-இல் 30 சதவீதத்தை எட்டவில்லை. எனவே ஏறத்தாழ 10 பங்குகள் விற்கப்படுகின்றன. மேலும் 10 சதவீதம் சரிந்ததும் ஏறத்தாழ 49 பங்குகள் விற்கப்படுகின்றன, இன்னொரு 10 சதவீதம் சரிந்ததும் 37 போகின்றன. இப்போது விலை 0.567. தொடக்கத்திலிருந்து பார்த்தால் சரிவு 43 சதவீதம்தான், வரலாற்றில் இதைவிடப் பெரிய சரிவுகள் பல உண்டு. அவரிடம் மிஞ்சியவை ஏறத்தாழ 104 பங்குகளும் 41 கடனும். இந்த இடத்திலிருந்து விலை முழுவதுமாக மீண்டு பழையபடி 1-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடனில்லாமல் 100-க்கு வாங்கியவரின் கையில் 100 அப்படியே இருக்கிறது. கடன் வாங்கியவரின் கையில், வட்டியையும் தரகையும் கணக்கில் சேர்க்காமலேயே, 63 இருக்கிறது. சந்தை நட்டப்படவில்லை, நிறுவனம் நட்டப்படவில்லை, விலை இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆனால் அவருடைய பணத்தில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் நிரந்தரமாகப் போய்விட்டது. அவர் விற்கவேண்டி வந்த ஒவ்வொரு பங்கையும் தாழ்ந்த விலையில் இன்னொருவர் வாங்கினார் என்பதுதான் காரணம்.

இது ஒருவரோடு முடிவதும் இல்லை. ஒருவரின் கட்டாய விற்பனை விலையை இறக்க, இறங்கிய விலை அடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தைப் போடும். இன்னொரு கொடுமையும் உண்டு. குமிழியாக ஊதிய பங்குகளுக்கு வாங்க ஆளே இல்லாத நாள்களில், விற்க முடிந்ததைத்தான் விற்க வேண்டியிருக்கும். விற்க முடிந்தவை நல்ல பங்குகள். ஆகவே குமிழிக்குச் சம்பந்தமே இல்லாத, ஆண்டுதோறும் ஒழுங்காக ஈவுத்தொகை கொடுத்துவந்த நிறுவனங்களின் விலையும் சேர்ந்தே விழும். “நான் பாதுகாப்பான பங்குகளையும் வைத்திருக்கிறேன், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று தாங்கும்” என்று சொன்னவர்கள், ஒரே ஈட்டுக் கணக்கில் இரண்டையும் வைத்திருந்தால் அந்தத் தாங்குதல் கிடைக்கவில்லை. மோசமானதைக் காப்பாற்ற நல்லது முதலில் போயிற்று. 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்த லேமன் பிரதர்ஸ் 158 ஆண்டுப் பழமையான அமெரிக்க முதலீட்டு வங்கி. சொந்த மூலதனத்தைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு சொத்தைக் கடனால் சுமந்தது. அந்த அளவில் சொத்து மதிப்பு நூற்றுக்கு மூன்று நான்கு குறைந்தாலே முதலுக்கு மோசம் வந்துவிடும். எங்கள் பட்டியலில் ஓர் ஆசிரியருக்கு நடந்ததும் அங்கே நடந்ததும் அளவில்தான் வேறு. புதிதாக வந்தவர்களின் பணத்தைப் பழையவர்களுக்கு லாபமென்று கொடுத்துவந்த அமெரிக்க நிதி மேலாளர் பெர்னார்ட் மேடாஃபின் மோசடி அதே ஆண்டு டிசம்பரில் வெளியானதற்கும் இதே ஓட்டம்தான் காரணம்: வேறிடங்களில் அடிபட்டவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க வந்தார்கள், கொடுக்க அங்கே பணம் இல்லை.

காத்திருந்தால் எல்லாம் மீளும் என்ற ஆறுதலையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்கு விலைக் குறியீடு 1929 செப்டம்பரில் 381-ஐத் தொட்டு, 1932 ஜூலையில் 41-க்கு இறங்கியது. பழைய உச்சத்தை மீண்டும் தொட 1954 வரை ஆனது. ஈவுத்தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தக் காலம் குறையும் என்றாலும், ஈவுத்தொகை கிடைக்கும்வரை பங்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே அது பொருந்தும். தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048-இல் முடிந்து, 2002 அக்டோபரில் 1,114-க்கு வந்தது. மீள 2015 ஆயிற்று. ஜப்பானின் நிக்கேய் 1989-இன் கடைசி வர்த்தக நாளில் 38,915-இல் நின்றது. அந்த உச்சத்தை அது தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பது வயதில் ஜப்பானியப் பங்குகளை வாங்கியவர் விலை திரும்பியபோது அறுபதைக் கடந்துவிட்டிருப்பார். ஏறவேண்டிய உயரமும் இறங்கிய ஆழத்தைப் போன்றதல்ல. 50 சதவீதம் விழுந்த பங்கு பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும், 78 சதவீதம் விழுந்தால் 350 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டும். குறியீடு மீண்டது என்பதற்காக அதில் அன்று இருந்த நிறுவனங்கள் மீண்டன என்றும் எண்ணிவிடக்கூடாது. அமேசான் தன் விலையில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்த பிறகு மேலே வந்தது, அதோடு விழுந்த எத்தனையோ நிறுவனங்கள் பெயரில்லாமல் போயின.

இது குமிழி என்று கண்டுகொண்டு, உச்சத்தில் விற்றுவிட்டு வெளியேறுவது முடியாதா என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பேரைச் சொல்வது வழக்கம். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பரிலேயே பகுத்தறிவுக்குப் பொருந்தாத உற்சாகத்தைப் பற்றிப் பொதுமேடையில் எச்சரித்தார். அதைக் கேட்டு அன்றே விற்றவர், அதன் பிறகு நாஸ்டாக் மூன்று மடங்குக்கும் மேல் ஏறியதை வெளியே நின்று பார்த்திருப்பார், சரிவின் அடிமட்டத்திலும் அவர் விற்ற விலையிலிருந்து அது பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஜூலியன் ராபர்ட்சன் என்ற பேர்பெற்ற நிதி மேலாளர் இணையப் பங்குகளின் விலை நியாயமற்றது என்று சொல்லி அவற்றைத் தவிர்த்தார். அவருடைய முதலீட்டாளர்கள் பொறுமையிழந்து பணத்தை எடுத்துக்கொண்டே இருந்ததால், 2000 மார்ச் இறுதியில், உச்சம் கடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், தம் நிதியை மூடுவதாக அறிவித்தார். கணிப்பு சரியாக இருந்தும் அவரும் காலத்திடம்தான் தோற்றார். எனவே நாளைக் கணிப்பதில் என் நேரத்தை நான் செலவிடுவதில்லை. எந்த நாளில் சரிந்தாலும் யாரும் என்னை விற்கவைக்க முடியாதபடி என் கணக்குகள் இருக்கின்றனவா என்பதில் செலவிடுகிறேன்.

அதற்காக நான் கைக்கொண்டுள்ள வழக்கங்களில் முதலாவது, என் சொத்துகளைப் பற்றிக் கேட்பதற்குமுன் என் கடன்களைப் பற்றிக் கேட்பது. விலை இறங்கினால் உடனே பணம் கேட்கக்கூடிய கடன் எது, விலை என்ன ஆனாலும் மாதத் தவணை கட்டும்வரை கேட்காத கடன் எது என்று பிரித்து எழுதுவேன். முதல் வகைக் கடனை நான் வாங்குவதே இல்லை. இரண்டாம் வகையிலும், வட்டி விகிதம் மாறக்கூடியதா என்று பார்ப்பேன், ஏனென்றால் குமிழிகளை உடைக்கும் ஊசி பெரும்பாலும் வட்டிதான். ஜப்பான் மத்திய வங்கி 1989 மே மாதத்தில் 2.5 சதவீதமாக இருந்த விகிதத்தை 1990 ஆகஸ்டுக்குள் 6 சதவீதமாக்கியது. அமெரிக்காவில் 2003-இல் 1 சதவீதமாக இருந்தது 2006-இல் 5.25 ஆனது. முதல் இரண்டாண்டுக்குக் குறைந்த வட்டி, பிறகு சந்தை வட்டி என்ற ஒப்பந்தத்தில் வீடு வாங்கிய அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தவணை ஏறிய நேரமும் வீட்டு விலை இறங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தன. ஆகவே தவணை ஒன்றரை மடங்கானாலும் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. விரலுக்கேற்ற வீக்கம் என்பதைக் கடனுக்கு இப்படித்தான் பொருத்திப் பார்க்கிறேன்.

இரண்டாவதாக, வருமானமும் சேமிப்பும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. கட்டுமானத் தொழிலில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பையெல்லாம் மனைகளில் போட்டால், சரிவு வரும்போது வேலையும் போகும், சொத்தும் விலைபோகாது. தவணை மட்டும் தவறாமல் வரும். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானபோது அதன் ஊழியர்களில் பலர் வேலையையும் ஓய்வுக்கால நிதியையும் ஒரே நேரத்தில் இழந்தார்கள், அந்த நிதியின் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் பங்குகளிலேயே இருந்ததுதான் காரணம். சொந்த நிறுவனத்தின் மீது பற்று இருப்பது நல்ல குணம்தான். அதற்கு அடையாளமாகத் தருவதற்கு உழைப்பு போதும், சேமிப்பு தேவையில்லை.

காகித லாபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விற்காத லாபத்தை வைத்து வாழ்க்கைச் செலவைக் கூட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தேன், அந்தச் செலவு லாபத்தோடு சேர்ந்து குறையவில்லை. இதைவிட மோசமான நிலையில், 2000-ஐ ஒட்டி அமெரிக்காவில் தம் நிறுவனத்தின் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை பெற்ற ஊழியர்கள் சிலர், பங்கை வாங்கிய அன்றைய உயர்ந்த மதிப்புக்கு வரி கட்டவேண்டியவர்களாகி, வரி கட்டும் நாள் வந்தபோது அந்தப் பங்கை முழுவதும் விற்றாலும் வரித்தொகை தேறாத நிலையில் நின்றார்கள். பங்குகளாகவோ உரிமைகளாகவோ சம்பளத்தின் ஒரு பகுதியைப் பெறுபவர்கள், வரிப் பொறுப்பு எந்த நாளில் உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, வரிக்கான தொகையையாவது அன்றே பணமாக்கி ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன். உறவினருக்கோ நண்பருக்கோ போடும் ஜாமீன் கையெழுத்தும் உங்கள் கடன்தான்; ஏற்ற காலத்தில் அதற்கு ஒரு பொருளும் இல்லாதது போலத் தோன்றும்.

ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கட்டாயம் தேவைப்படும் பணம், அதாவது பிள்ளைகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ உரிய பணம், விலை மாறக்கூடிய எதிலும் இருக்கக்கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் கடைப்பிடிப்பதில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஏற்றக் காலத்தில் அந்தப் பணம் வைப்புத்தொகையில் சும்மா கிடப்பது வீட்டில் ஒவ்வொருவர் கண்ணையும் உறுத்தும். அதனால் அந்தத் தொகை எதற்கானது என்பதை வீட்டில் அனைவரும் அறியும்படி முன்பே பேசி எழுதி வைத்துவிடுவது உதவுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் சரிவின் நடுவில் கடனோடு நிற்கிறார் என்றால், அவருக்குச் சொல்ல என்னிடம் சில செய்திகள் இருக்கின்றன. சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று புதுக்கடன் வாங்கி அதே பங்கை மேலும் வாங்காதீர்கள். எங்கள் பட்டியலில் முதல் நட்சத்திரத்தோடு தப்பியிருக்கக்கூடிய பலரை அதுதான் முழுவதுமாக அழித்தது. எதை விற்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும்போதே, மிகவும் ஊதிப்போன பங்கைக் கிடைத்த விலைக்கு விற்றுக் கடனைக் குறையுங்கள். அதை நட்டத்தில் விற்க மனம் ஒப்பாமல் இருந்தவர்களின் நல்ல பங்குகளைத்தான் பிறகு நாங்கள் விற்றோம். குடியிருக்கும் வீட்டையோ ஓய்வுக்கால நிதியையோ கொண்டுவந்து ஈட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை உங்கள் கையாலேயே கழற்றிக் கொடுப்பதாகிவிடும். வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காதீர்கள். தொலைபேசியை எடுத்தவுடன் குரலைத் தாழ்த்தி, பிறகு பேசுவதாகச் சொன்ன ஆண்கள் பலர். மறுநாள் அவர்களுடைய மனைவியர் அழைத்து என்ன நடந்தது என்று எங்களிடம் கேட்டபோது, பெரும்பாலும் விற்பனை முடிந்திருந்தது.

கடன் கொடுத்தவரிடம் அவர் அழைப்பதற்கு முன்பே போங்கள். போகும்போது எல்லாக் கடன்களின் பட்டியலும், மாத வரவு செலவும், எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட முடியும் என்று நீங்களே எழுதிய திட்டமும் கையில் இருக்கட்டும். நட்சத்திரங்கள் ஒரு பக்கத்தில் அடங்கிய மாதங்களில் அப்படி வந்தவர்களுக்கு எங்கள் மேலாளர் தவணை பிரித்துக் கொடுத்தார், சிலருக்கு எந்தப் பங்கை விற்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தார், ஓரிருவருக்கு வட்டியையும் குறைத்தார். பட்டியல் பல பக்கங்களாக நீண்ட பிறகு அந்த அதிகாரம் அவரிடமிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் கொண்டுவந்த திட்டம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க அந்தக் கட்டடத்தில் ஆளில்லை.